அந்தப் படத்தை மறுபடி மாட்டுங்கள்

(சென்ற ஆண்டு நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'கல்லூரி நாள்களில் கலை ஆர்வம்'. சாப்பாட்டுக்குப் பிறகு பேச வைத்திருக்கிறார்கள். பாயசம் இரண்டு தடவை வாங்கிய என் நண்பர்கள் மூன்றாவது வரிசையில் ஏற்கெனவே கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைத் தொந்தரவு செய்யாமல் பழைய கதை நாலு சொல்லிவிட்டு இறங்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் காலையில் ஒன்று நடந்தது. அதைப் பற்றித்தான் இப்போது பேசப் போகிறேன். தலைவர் மன்னிக்க வேண்டும்.

காலையில் மாணவர்களின் ஓவியக் கண்காட்சியைப் பார்த்தோம் அல்லவா? கோபுரம், தீபம், கிரிவலப் பாதை, மயில் எல்லாம் இருந்தன. கடைசியில் ஒரு படம். ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு. ஒரு மூலையில் கவிழ்ந்து கிடக்கும் குத்துவிளக்கு, அதன் திரியில் கடைசிப் பொட்டுச் சிவப்பு. இன்னொரு மூலையில் தரையில் விழுந்த ஒரு கை. அவ்வளவுதான். கீழே 'கடம்பூர்' என்று ஒரே சொல். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு அது போதும். வரைந்தவர் இரண்டாமாண்டு மாணவி. கணினியில் வரைந்து அச்செடுத்திருந்தார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது என் வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "நல்ல நாளும் அதுவுமா இந்தச் சாவுப் படம் எதுக்குங்க?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. விசேஷ வீட்டில் நாமெல்லாம் சொல்கிற வார்த்தைதான் அது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், அந்த இடத்தில் ஆணி மட்டும்தான் இருக்கிறது. யார் எடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அந்தப் பெண் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகத்தான் பேசுகிறேன். கொஞ்சம் எனக்காகவும்.

எனக்கு ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே இருக்கிற ஊர். மணிவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று சொல்லப்படும் அந்தச் சின்னக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. அங்கிருந்து தினம் சைக்கிளில்தான் கல்லூரிக்கு வருவேன். 1979 முதல் 1982 வரை அந்தச் சைக்கிளின் செயின் எத்தனை முறை கழன்றது என்பதற்குச் சாட்சிகள் இங்கேயே இருக்கிறார்கள்.

என் அம்மா அஞ்சாம் கிளாஸ் வரைதான் படித்தவர். செங்கம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது பித்தளைப் பாத்திரங்களோடு ஐந்து கட்டுப் புத்தகமும் கொண்டு வந்தார். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலிகோ அட்டை போட்ட கட்டுகள். ஐந்து பாகம், ஐந்து கட்டு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மா உரக்கப் படிப்பார். அண்ணனும் நானும் கேட்போம். அப்பா கேட்காத மாதிரி படுத்திருப்பார். ஆனால் ஒரு அத்தியாயம் விட்டுப்போனால் அவர்தான் முதலில் கேட்பார்.

அந்தக் கட்டுகளில் மணியம் வரைந்த படங்கள் இருந்தன. நம் வீடுகளில் வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தவர் அவர்தான். பின்னால் கதை மறுபடி மறுபடி தொடராக வந்தபோது வினு, பத்மவாசன், வேதா என்று வேறு வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். எந்தத் தலைமுறை எந்த ஓவியரிடம் முதலில் நந்தினியைப் பார்த்ததோ, அவர்களுக்கு அதுதான் நந்தினி. அதில் சண்டையே போடுவார்கள்.

அந்தக் காலத்து அச்சில் கோட்டுப் படங்களை உலோகத் தகட்டில் ப்ளாக் எடுப்பார்கள். அதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. நடுவில் சாம்பல் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டுத்தான் கொண்டு வரவேண்டும். இது தெரியாமல் நான் பென்சிலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பேன். மணியத்தின் இருட்டு வராது. படத்தின் மேல் கட்டம் போட்டு, சார்ட் பேப்பரில் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைவேன். இங்கே இருக்கும் எத்தனை பேர் அப்படி வரைந்திருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொன்னால் பாதி அரங்கம் தூக்கும்.

ஆனால் கதையின் எல்லாக் கட்டத்துக்கும் இதழில் படம் இருக்காது. அத்தியாயத்துக்கு ஒன்றோ இரண்டோதான். மீதியை நாமே மனசுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் பார்த்து வரைவது அலுத்துப்போய், இல்லாத படத்தை வரைய உட்கார்கிறோமே, அன்றைக்குத்தான் ரசிகன் ஓவியன் ஆகிறான். இப்போது பிள்ளைகள் இதை ஃபேன் ஆர்ட் என்கிறார்கள். ரசிகர் ஓவியம் என்று வைத்துக்கொள்வோம். மணிரத்னத்தின் படம் 2022, 2023-ல் இரண்டு பாகமாக வந்தபோது இது எங்கே பார்த்தாலும் இருந்தது. ஆனால் பெயர்தான் புதுசு. பழக்கம் பழசு.

இதில் ஒரு விசேஷம் பாருங்கள். ரசிகர்கள் அதிகம் வரைவது கல்யாணக் காட்சியையா, முடிசூட்டு விழாவையா? இல்லை. காலில் விழுந்து கெஞ்சும் நந்தினியின் கண் முன்னாலேயே கரிகாலன் வீரபாண்டியனை வெட்டுகிறானே, அது. சுந்தர சோழர் மேல் எறிந்த வேலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு சாகிறாளே பேச்சு வராத மந்தாகினி, அது. கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்து ஆதித்த கரிகாலன் கீழே விழுவது. கடைசியில் வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை உயிர் விடுவது. தேடிப் போய்ச் சோகத்தைத்தான் வரைகிறார்கள். ஏன்?

நம் பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கிற பழக்கம் இல்லை இது. டோல்கீன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் மோதிரக் கதை எழுதினார். மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தக் கதைக்கு வரைந்த ரசிகர்களில் ஒருவர் டென்மார்க் இளவரசி மார்கரெத்தே. 1970-ல் தன் படங்களை டோல்கீனுக்கு அனுப்பினார். 1972-ல் அவர் ராணியானார். 1977-ல் அந்தப் படங்கள் வேறொரு புனைபெயரில் புத்தகத்தில் வந்தன. ராணிக்கே ரசிகர் ஓவியம் போடத் தோன்றியிருக்கிறது. நாம் சார்ட் பேப்பரில் போட்டதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

டோல்கீனின் கதைகளில் தூரின் என்று ஒருவன் வருகிறான். எதிரிகள் அவனைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நண்பன் பெலெக் ராத்திரியில் வந்து கட்டை அறுக்கிறான். கத்தி நழுவிக் காலில் குத்துகிறது. எதிரி என்று நினைத்து எழுந்த தூரின், இருட்டில் அந்த நண்பனையே கொன்றுவிடுகிறான். மின்னல் வெளிச்சத்தில்தான் முகம் தெரிகிறது. உலகம் முழுக்க ரசிகர்கள் விடாமல் வரையும் காட்சிகளில் இதுவும் ஒன்று என்று என் மகள் சொன்னாள். டோல்கீன் முதல் உலகப் போரில் இருந்தவர். பள்ளிக்கூட நாள் முதல் ஒன்றாகத் திரிந்த நால்வர் வட்டத்தில் இருவரை 1916-ல் போரில் பறிகொடுத்தவர். மாயக் கதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மின்னல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

நம் கடம்பூரும் அப்படித்தான். கரிகாலன் கொலை வெறும் கற்பனை இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயரெல்லாம் அதில் வருகிறது. ஆனால் நாவலில் எந்தக் கை குத்தியது என்பதைக் கல்கி இருட்டிலேயே விட்டுவிட்டார். எழுபது வருஷமாக அதைப் பற்றி வீட்டுத் திண்ணையில் சண்டை நடக்கிறது. கல்கி இருட்டாக விட்டதை இந்தப் பெண் இருட்டாகவே வரைந்திருக்கிறார். அது தெரிந்து செய்த வேலை.

இனி என் படத்துக்கு வருகிறேன்.

1980-ல் வகுப்புச் சுவர்ப் பத்திரிகைக்கு நானும் கடம்பூரை வரைந்தேன். தங்கை மாதிரி அடக்கமாக வரையவில்லை. சிவப்பு மை ஒரு புட்டி முழுக்கக் காலி. கரிகாலன் மல்லாந்து கிடக்கிறான். சுற்றிலும் ரத்தம். முகத்தை மட்டும் போர்வையால் மூடிவிட்டேன். இரண்டே நாளில் ஓர் ஆசிரியர் அதை எடுத்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "வேற ஏதாவது நல்லதா வரைஞ்சு கொண்டாப்பா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் கேன்டீனில் யாரோடும் பேசவில்லை.

என் பெஞ்ச் தோழன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான். "எல்லாம் சரிடா, மூஞ்சியை ஏன்டா மூடின?" எனக்குப் பதில் தெரியும், சொல்லவில்லை. சாகிறவன் முகத்தை வரைய எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அத்தனை ரத்தம்.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் அம்மா ஊரில் பாரதக் கூத்து. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். கடைசியில் படுகளம். களத்தில் துரியோதனன் உருவத்தை மண்ணாலேயே தரையில் படுக்க வைத்துச் செய்வார்கள். ஆளைவிடப் பல மடங்கு பெரிசு. சுற்றி வரவே நேரமாகும். வீம வேஷக்காரர் வந்து தொடையில் அடிப்பார். உள்ளே புதைத்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் வெளியே வரும். திரௌபதி கூந்தலை முடிவாள். அதற்கப்புறம் ஒப்பாரி. சாயங்காலம் தீமிதி.

அந்த மண் உருவத்தில் கை வைக்கிறவர்களில் என் தாய்மாமாவும் ஒருவர். விவசாயி. ஓவியம் சிற்பம் எதுவும் படித்தவரில்லை. விடியற்காலையில் துரியோதனன் முகத்தை ஈரத்துணியால் தடவித் தடவி வழவழப்பாக்கிக்கொண்டிருந்தார். மீசை, கிரீடம், நெற்றி எல்லாம் அவ்வளவு அழகு. நான் கேட்டேன்: "மாமா, இவன் கெட்டவன்தானே? இன்னும் கொஞ்ச நேரத்துல உடைக்கப் போறீங்க. எதுக்கு இவ்ளோ அழகா பண்றீங்க?"

மாமா கையை எடுக்காமலே சொன்னார்: "சாகப் போறவன்டா. சாகிறவன் மூஞ்சிய அசிங்கமா வைக்கக் கூடாது."

ஆயிரம் பேர் கூடியிருந்த அந்தக் களத்தில், துரியோதனன் செத்ததும் ஊர்ப் பெண்கள் நிஜமாகவே அழுததைப் பார்த்தேன். யாருக்காக அழுதார்கள்? துரியோதனனுக்காகவா? போன வருஷம் பிள்ளையைப் பறிகொடுத்தவள் பிள்ளைக்காக அழுதாள். புருஷன் போனவள் புருஷனுக்காக அழுதாள். தனியாக அழ வெட்கப்பட்டவர்களுக்கெல்லாம் அந்த மண் உருவம் ஓர் இடம் கொடுத்தது. முடிந்ததும் சிலர் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அமங்கலம் என்று யாரும் ஒதுங்கவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது முழுசாகப் புரியவில்லை. அடுத்த வருஷம்தான் புரிந்தது.

1981-ல் என் அண்ணன் காலமானார். காய்ச்சல் என்று வெளியூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்பா கூட இருந்தார். அம்மாவுக்குத் தகவல் சொல்லி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் ராத்திரி கதை படிப்பது நின்றது. ஐந்து கட்டும் பரணுக்குப் போய்விட்டன. அம்மா அழுது நான் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் சாயங்காலம், அரிசி புடைத்துக்கொண்டே அம்மா கேட்டார்: "ஏன்டா, அந்த மணிமேகலை கடைசியில மடியில படுத்துச் சாவாளே, அத ஒரு படம் போட்டுக் குடேன்."

நான் வரைந்தேன். கட்டம் போடவில்லை. பார்த்து வரைய எதையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. வந்தியத்தேவன் உட்கார்ந்திருக்கிறான், மடியில் அவள் தலை. மாமா சொன்னதை நினைத்துக்கொண்டு முகத்தை வரைந்தேன். மூடவில்லை. ரத்தம் கித்தம் எதுவும் இல்லை. கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அவன் கைய இன்னும் கொஞ்சம் கிட்ட வை. தலையத் தாங்கற மாதிரி."

ரப்பரால் அழித்துக் கையைக் கிட்டக் கொண்டு வந்தேன். "இன்னும்" என்றார். மறுபடி அழித்தேன். நாலாவது தடவைதான் சரி என்றார். காகிதம் அந்த இடத்தில் நைந்தே போய்விட்டது. அன்று ராத்திரி அம்மா அழுதார். அடுத்த வாரம் கட்டுகள் பரணிலிருந்து இறங்கின.

தான் போய்ச் சேராத அந்த அறையில் பிள்ளையின் தலையை யாராவது தாங்கிப் பிடித்திருக்க வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. சொன்னாலும் எனக்கு என்ன செய்யத் தெரியும்? மணிமேகலையைக் கேட்டார். நானும் மணிமேகலையைத்தான் வரைந்தேன். நாங்கள் இரண்டு பேரும் அண்ணன் பெயரை அன்று சொல்லவே இல்லை.

நண்பர்களே, கதையில் வரும் சாவை எதற்கு வரைகிறோம் என்று கேட்டால் என்னிடம் இருக்கும் பதில் இதுதான். நிஜத்தில் நம் கை போய்ச் சேராத இடத்துக்குப் படத்தில் கை போய்ச் சேருகிறது. கதை அந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடும். வரைகிறவன் தாண்ட முடியாது. ஒரு கையை வரைய மூன்று மணி நேரம் அந்தக் கையோடு இருந்தாக வேண்டும்.

மங்கலம், அமங்கலம் என்று சொன்ன பெரியவருக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர் எந்த ஊர்? திருவண்ணாமலையில் வல்லாள மகாராஜா என்று ஒரு ராஜா இருந்தார். ஹொய்சளர் வம்சம், 14-ஆம் நூற்றாண்டு. மதுரை சுல்தானோடு நடந்த போரில் சிறைப்பட்டுக் கொடுமையாகக் கொல்லப்பட்டார். பிள்ளையில்லாத அவருக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக இருந்தார் என்பது நம் தலபுராணம். வருஷா வருஷம் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, சாமியே அந்த ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். சாவுச் சடங்கு செய்கிற சாமி நம் சாமி. கோபுரத்தில் வல்லாளன் பெயர் இருக்கலாம், நம் கல்லூரிச் சுவரில் கரிகாலன் கை இருக்கக் கூடாதா?

வரைந்த தங்கைக்கு அண்ணன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. ரத்தம் கொட்டாமல் நிறுத்தினாயே, அந்த நிதானம் பத்தொன்பது வயதில் எனக்கு இல்லை. அடுத்த படத்தில் முகத்தை வரைந்து பார். கஷ்டமாகத்தான் இருக்கும். பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். யாராவது ஒருவர் வந்து, கையை இன்னும் கொஞ்சம் கிட்ட வை என்பார். அவர் சொல்வதைக் கேள். அவருக்கு ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அம்மா 2009-ல் போய்ச் சேர்ந்தார். ஐந்தாவது கட்டைப் பிரித்தபோது கடைசி அத்தியாயத்தில் அந்தப் படம் இருந்தது. ஓரத்தில் மஞ்சள் விரல் பட்ட கறை. அடி அண்ணாமலைக்குக் கிரிவலம் வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். காபியும் உண்டு.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். ஆணி அங்கேயேதான் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் அந்தப் படத்தை மறுபடி மாட்டுங்கள்.



(அன்று மாலையே படம் பழைய இடத்தில் மாட்டப்பட்டது. மாட்டியவர், காலையில் ஆட்சேபம் சொன்ன பெரியவர்தான் என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறோம். - மலர்க் குழு)